ஐந்தாவது நகலுக்கு நன்றி

உ

ஜோகுபாளையம்,
பெங்களூர் – 8
18.2.2001

பெருமதிப்புக்குரிய மச்சான் அர்ஜுனன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சரளாவின் வீட்டுக்காரன் அய்யாவு வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நான், சரளா, கல்லம்மா, அரசமரம் நால்வரும் சுகமாக இருக்கிறோம். அங்கு உங்கள் சுகத்துக்கும், குறிப்பாகத் தமயந்தி அக்காவின் முழங்கால் சுகத்துக்கும் இரண்டு வரி எழுதிப் போடவும்.

இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதிய கடிதங்களில் பாதி புகார், மீதி நீங்கள் எழுதிய புகாருக்குப் பதில் புகார். இது அப்படியில்லை. இது நன்றிக் கடிதம். நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொண்டு படிக்கவும். எங்கள் தெருக்கோடி கல்லம்மாவை மியூசியத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று போன மாதம் நான் போனில் அழாத குறையாகச் சொன்னேன் அல்லவா, அவள் போகவில்லை. இனி போகவும் மாட்டாள். அதற்கு முதல் காரணம் நீங்கள். நீங்கள் என்றால், நீங்கள் மனுவில் எழுதிய ஒரு பொய்யும், அந்த மனுவின் ஐந்தாவது நகலும். எந்தப் பொய் என்று உங்களுக்கு ஞாபகம் வராது. ஆனேக்கல் தாலுகா ஆபீஸ் வாசலில் இருபத்தெட்டு வருஷமாக மனு எழுதுகிறவரிடம் எந்தப் பொய் என்று கேட்பது நியாயமும் இல்லை, ஆகையால் நானே முதலிலிருந்து சொல்கிறேன்.

கல்லம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அரசமரத்தடியில், இடுப்பளவு உயரத்தில் ஒரு கல். சிவப்புப் புடவை, தலையில் மஞ்சள், குங்குமம். கன்னடக்காரர்களுக்கும் அவள் கல்லம்மாதான், நமக்கும் கல்லம்மாதான், பேர் வைத்ததில் சண்டையே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் நாலு பேர் போர்வையைத் திரைமாதிரி பிடித்துக்கொள்ள, உள்ளே சரளா அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புடவை மாற்றுவாள். ஆம்பிளைகள் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. பதினோரு வருஷமாகக் கோயில் கமிட்டிச் செயலாளராக இருக்கிறேன், வரவேற்பு வளைவு கட்டியிருக்கிறேன், மைக்செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், ஆனால் கல்லம்மாவைப் புடவை இல்லாமல் பார்த்ததில்லை. தெருவில் எந்த ஆணும் பார்த்ததில்லை. பார்த்த பெண்களோ வெளியே ஒன்றும் சொன்னதில்லை. இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புடவை மாற்றும்போது சரளா அவளிடம் பேசுவாள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். திரைக்கு வெளியே எனக்குக் கேட்காது, ஆனால் போர்வை பிடிக்கும் பெண்கள் என்னைப் பார்க்கிற பார்வையிலிருந்து அந்த வாரம் என்ன குற்றம் என்று ஓரளவு ஊகித்துவிடுவேன். அங்கே கொட்டிவிட்டு வருவதால் வீட்டில் அவள் என்னிடம் சண்டை போட்டதே இல்லை. இந்தக் குடும்பம் இத்தனை வருஷம் ஓடியதற்கு அந்தக் கல்தான் காரணம் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

தொண்ணூற்றொன்பது மழையில் சங்கடம் ஆரம்பித்தது. அரசமரத்தின் வேர் கல்லம்மாவைக் கீழேயிருந்து தள்ளித் தள்ளி, பஸ்ஸில் தூங்குகிறவர் பக்கத்து சீட்காரர் மேல் சாய்வதுபோல அவள் குழாய்ப் பக்கம் சாய்ந்துவிட்டாள். மரத்தின் ஒரு கிளை என் வீட்டுக் கூரை ஷீட்டைப் பிளந்தது. முன்பெல்லாம் இதற்கு யாரிடமும் கேட்கிற வழக்கமில்லை, கோடாலிக்காரரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக்கொடுத்தால் அரை மணியில் கிளை கீழே கிடக்கும். அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டுவதற்குள் எதிர்வீட்டு மாடியிலிருந்து அனந்தபத்மநாபன் ஒரு பேப்பரை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அவர் வங்கியிலிருந்து ரிட்டையர் ஆனவர், காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிற பசுமைச் சங்கத்தில் மெம்பர்.

"அய்யாவு, கிளையத் தொட்டேள்னா கம்பி எண்ணணும். மர அதிகாரிகிட்ட எழுதிக் கேட்டு, அவர் வந்து பாத்து, உத்தரவு கொடுத்தாத்தான் ஒரு இலையக் கிள்ளலாம். சட்டம்!" என்றார்.

"எப்ப சார் வந்துது அந்தச் சட்டம்?" என்று கேட்டேன்.

"அது வந்து இருபது இருபத்தஞ்சு வருஷம் ஆறது. இப்பத்தான் எல்லாரும் படிக்க ஆரம்பிச்சிருக்கா."

சரி, டில்லியிலும் விதான சௌதாவிலும் போட்ட சட்டம் ஜோகுபாளையம் வந்து சேர இருபத்தைந்து வருஷம் ஆகிறது, நம் டவுன் பஸ்ஸுக்கு அது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு, கோடாலிக்காரரை டீயோடு திருப்பி அனுப்பிவிட்டு, அத்திபெலேவுக்கு பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தேன். நான் கேட்டது ஒரே ஒரு கிளை, மச்சான். "கிளைன்னு எழுதுனா கிளார்க்கே படிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் டைப்ரைட்டரில் பேப்பரைச் சொருகி, 'எண்ணூறு வருஷப் பழமையும் வரலாற்றுச் சிறப்பும் வாய்ந்த புனிதக் கல்லை ஒரு மரம் நசுக்கிக்கொண்டிருக்கிறது' என்று கன்னடத்தில் அடித்து, எனக்குத் தமிழில் படித்துக் காட்டினீர்கள். நான் பதறிப்போய், "எண்ணூறுன்னு யாரு மச்சான் சொன்னா?" என்றேன். நீங்கள் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், "நூறுன்னா மதிக்க மாட்டான். ஆயிரம்னா சந்தேகப்படுவான். எண்ணூறுதான் சரியா இருக்கும்" என்றீர்கள். பிறகு மர அதிகாரிக்கு அசல், முதலமைச்சருக்கு ஒரு நகல், கவர்னருக்கு ஒரு நகல், கமிஷனருக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று. போலீசுக்கு எதற்கு என்று கேட்டதற்கு, அது வழக்கம் என்றீர்கள். கிளம்பும்போது, "கார்பன் இன்னொண்ணு தாங்கும், வீணாக்க வேணாம்" என்று சொல்லி ஐந்தாவதாகத் தொல்லியல் இலாகாவுக்கும் ஒரு நகல் போட்டீர்கள். நான் படிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே படிக்கத் தெரிந்தவன்மாதிரி கையெழுத்துப் போட்டேன்.

அசல் என்ன ஆனதோ தெரியாது. முதல் நாலு நகலும் போன இடத்தில் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஒரு வருஷம் கழித்து, போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தாவது நகலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினார். பெயர் ஃபாத்திமா. தொல்லியல் இலாகாவில் பழைய கல்வெட்டுகளைப் படிக்கிற உத்தியோகம். தோளில் கித்தான் பை, அதில் தண்ணீர் பாட்டில், குதிரை தேய்க்கிற பிரஷ் மாதிரி ஒன்று, சுருட்டிய வெள்ளைக் காகிதம், ஒரு டப்பா மை. "அய்யாவு சார் யாரு? எண்ணூறு வருஷக் கல்லு எங்க?" என்று கேட்டார். கவர்ன்மெண்டிடம் பொய் சொன்ன கேஸில் பென்ஷனை நிறுத்துவார்களா என்பதுதான் முதலில் தோன்றியது. எதையும் ஒத்துக்கொள்ளாமல் கையை மட்டும் மரத்தடிப் பக்கம் காட்டினேன்.

அவர் புடவையைத் தொடப் போனார், சரளா குறுக்கே நின்றுகொண்டாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமையா? அதுவும் இத்தினி ஆம்பிளைங்க நிக்கிறப்பவா?" என்றாள். ஃபாத்திமா மேடம் சிரித்தார். "நானும் பொம்பளதானேம்மா. போர்வ புடிங்க, ஆம்பிளைங்கள அனுப்பிடுங்க" என்றார். உடனே எங்களைத் தெருவின் அந்தக் கோடி டீக்கடைக்குத் துரத்திவிட்டார்கள். இரண்டு மணி நேரம். போர்வைக்குள்ளிருந்து தப் தப்பென்று அடிக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி பிரஷால் அடித்து மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகப் பதியும் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரியாது, கல்லம்மாவை ஏன் அடிக்கிறார்கள் என்று டீக்கடையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேடம் மூக்கு நுனியில் மையோடு டீக்கடைக்கே வந்தார். "சார், எண்ணூறு இல்ல" என்றார். நான் டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "எழுநூறுக்குக் கொஞ்சம் மேல. உங்களுக்கு எப்படி இவ்ளோ கரெக்டா தெரிஞ்சிது?" என்றார். நான் அடக்கமாக, "பெரியவங்க சொல்லுவாங்க" என்றேன். உங்களைத்தான் சொன்னேன்.

அது கல்வெட்டாம், மச்சான். தமிழ்க் கல்வெட்டு. முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கோடுகளைப் பார்த்த நம் பெண்கள் அதை அம்மனின் அம்மைத் தழும்பு என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு பொம்பளைக்கு முகத்தில் தழும்பு இருந்தால் அதை வெளியே போய்ச் சொல்வார்களா? அந்த மரியாதையில்தான் யாரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் உருதுவும் வெளியே கன்னடமும் பேசுகிற ஃபாத்திமா மேடம், எங்கள் யாருக்கும் புரியாத பழைய தமிழை, மை ஒற்றிய காகிதத்தில் விரல் வைத்துப் படித்துக் காட்டினார். யாரோ ஒரு புண்ணியவான் ஏரிக்குக் கீழே ஒரு தோப்பு வைத்து ஊருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தத் தோப்பு மரத்தை அழித்தவன் கங்கைக் கரையில் குரால் பசுவை, அதாவது கபிலைப் பசுவை, கொன்ற பாவத்தில் போவான் என்று போட்டு, அதற்குக் கீழே கல் உடைந்திருக்கிறது. கீழ்ப்பாதி இல்லை. கல்லில் ஏரிக்கு ஒரு பேர் இருக்கிறது, அது எந்த ஏரி என்று மேடம் கேட்டார். அந்தப் பேரில் ஒரு ஏரியை எங்களில் யாருக்கும் தெரியவில்லை, பெங்களூரில் ஏரி காணாமல் போவது புதிதா என்று விட்டுவிட்டோம்.

மரத்தை வெட்ட வேண்டும் என்று எந்தக் கல்லைக் காரணம் காட்டி மனு கொடுத்தேனோ, அந்தக் கல்லே மரத்தை வெட்டாதே என்கிறது. அனந்தபத்மநாபன் ஆட்டிய சட்டத்துக்கு எழுநூறு வருஷம் முந்திய சட்டம். அதற்கு மர அதிகாரி இல்லை, அசல் நகல் இல்லை, அபராதம் நேராக நரகம். இன்னொன்றும் மனசில் பட்டது, அதை உங்களிடம் சொல்லலாம். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் ஊர் கொதித்தபோது இந்தத் தெருவில் கடைப் பலகைகளில் இருந்த தமிழ் எழுத்தை நாங்களே ராவோடு ராவாகச் சுண்ணாம்பு அடித்து மறைத்தோம். அத்தனை பயத்திலும் இவள் மட்டும் புடவைக்குள் அத்தனை தமிழையும் வைத்துக்கொண்டு பேசாமல் குழாயடியில் நின்றிருக்கிறாள், பக்கத்துத் தெருக் கன்னடப் பெண்களும் வந்து அதற்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.

சந்தோஷம் ஒரு வாரம்தான். மேடம் மறுபடி வந்து, வேர் இப்படியே போனால் ஐந்தாறு வருஷத்தில் கல் பிளந்துவிடும், கல்லை மியூசியத்துக்குக் கொண்டுபோவது ஒரு வழி, இங்கேயே வைத்துப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிப்பது இன்னொரு வழி, அறிவித்துவிட்டால் சுற்றிலும் புதுக்கட்டடம் கட்டுவதற்குக் கட்டுப்பாடு வரும் என்றார். மியூசியம் என்றதும் தெரு முழுக்க ஓலம். ஆனால் கட்டுப்பாடு என்றதும் ஒரே ஒருவர் முகம் வெளுத்தது. அமெரிக்காவிலிருந்து வரப்போகிற மகனுக்காக அனந்தபத்மநாபன் மூன்றாவது மாடிக்கு பிளான் போட்டு வைத்திருந்தார். மறுநாள் காலையிலிருந்து அந்த மனிதர் கட்சி மாறிவிட்டார். "கல்லுக்கு மியூசியம்தான் சேஃப். மரம் என்ன மரம், நாலு இடத்துல நட்டாப் போச்சு" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒரு கிளையை வெட்ட ஒரு வருஷம் அலைந்த நானோ மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "சட்டம் இருக்கு சார், ஒரு இலையக் கிள்ள முடியாது" என்று அவரிடமே சொன்னேன். அதைச் சொல்லும்போது எவ்வளவு சுகமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

வீட்டில்தான் சுகம் இல்லை. சரளா மூன்று நாள் பேசவே இல்லை. நாலாம் நாள் ரசம் ஊற்றும்போது, "அவ போயிட்டா நான் யார்கிட்ட பேசறது?" என்றாள். நான் பெருந்தன்மையாக, "என்கிட்ட பேசேன்" என்றேன். "உங்களப் பத்தி உங்ககிட்டயே எப்படிப் பேசறது?" என்றாள். மச்சான், நான் விளையாட்டுக்கு எழுதவில்லை, அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அன்றைக்குத்தான் நிஜமான பயம் வந்தது. கமிட்டி, தெரு, வரலாறு எல்லாம் கிடக்கட்டும், இவளுக்கு இருக்கிற ஒரே ஸ்நேகிதியைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவார்களே, அதற்குக் காரணம் நான் கையெழுத்துப் போட்ட காகிதம்தானே என்று சாப்பாடு இறங்கவில்லை.

போன மாதம் இருபத்திரண்டாம் தேதி எல்லா ஆபீசும் ஒரே நேரத்தில் வந்தன. மியூசியம்தான் என்று முடிவாகி, கல்லைத் தூக்க ஃபாத்திமா மேடம் முக்காலி, சங்கிலி, நாலு ஆட்களோடு வந்தார். ஒரு வருஷமாகக் காணாத மர அதிகாரி அன்றைக்கென்று வந்தார். மழைநீர்க் கால்வாயை அகலப்படுத்த அளவு நாடாவோடு கார்ப்பரேஷன் என்ஜினியர் ஒருவரும் வந்தார். மண்ணைச் சுரண்டிப் பார்த்தால், வேர் கல்லின் அடிப்பக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறது. கல்லைத் தூக்க வேண்டுமானால் வேரை வெட்ட வேண்டும். "பேரு கட் மாடோக்கே ஆகல்ல, ரூல்ஸ் இல்ல!" என்று, வேரை வெட்ட முடியாது என்பதைக் கன்னடத்தில் கத்திக்கொண்டு மர அதிகாரி வேருக்கு மேலேயே ஏறி நின்றுகொண்டார். சரி, மரத்தை ஒட்டித் தோண்டிக் கால்வாயாவது போடலாம் என்று என்ஜினியர் நாடாவை இழுத்தார், கல்லுக்குப் பக்கத்தில் மண்வெட்டி படக்கூடாது என்று ஃபாத்திமா மேடம் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொருவரும் பையிலிருந்து ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஒருவர் தொண்ணூற்றிரண்டாம் வருஷ உத்தரவைக் காட்டினால் அடுத்தவர் தொண்ணூற்றெட்டாம் வருஷத்தைக் காட்டினார், அதற்கு மூன்றாமவர், போன வருஷம் அதையும் மாற்றியாகிவிட்டது என்றார். எந்த உத்தரவு பெரியது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அனந்தபத்மநாபன் நடுவில் புகுந்து ஆங்கிலத்தில் சமாதானம் செய்யப் பார்த்தார், மூன்று பேரும் அவரை மட்டும் ஒற்றுமையாக அதட்டினார்கள். சரளா நீர்மோர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் கல்லம்மாவுக்கு முன்னால் நின்று, இந்த மூன்று பேரில் ஒருவர்கூட ஒத்துப்போய்விடக் கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் ஆயிற்று. மேடம் தனியாகக் கல்லுக்கு முன்னால் போய்க் குந்தினார். புடவை ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி எழுத்தைப் பார்த்துவிட்டு சரளாவைக் கூப்பிட்டார். "இந்தக் கல்லுல ஒருத்தன் போஸ்டர் ஒட்டல, சுண்ணாம்பு அடிக்கல, அஸ்திவாரத்துக்குத் தூக்கிட்டுப் போகல. இந்த டவுன்ல நான் பாத்த எந்தக் கல்லும் இப்படி இல்லம்மா. எல்லாம் உங்க பொடவையாலதான். எந்த ஆக்ட்டும் பண்ணாதத நீங்க பண்ணியிருக்கீங்க" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "நக்கோ, தூக்க வேணாம். இருக்கற எடத்துலயே இருக்கட்டும்னு எழுதிடறேன்" என்று சொல்லிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார். மர அதிகாரி வேரிலிருந்து இறங்கினார். என்ஜினியர், கால்வாயை எதிர்ப்பக்கம் வளைத்துவிடலாம், தனக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான் என்றார். மேடம் ஃபைலில் ஒரு பத்தி எழுதி, இதுவரை பராமரித்தவர் என்ற இடத்தில் 'திருமதி சரளா அய்யாவு' என்று போட்டுக் காட்டினார். மச்சான், உங்கள் தங்கையின் பெயர் ரேஷன் கார்டுக்கு வெளியே ஒரு சர்க்கார் காகிதத்தில் வந்தது இதுதான் முதல் தடவை. நான் அழுதேன். வெட்கமில்லாமல் தெருவில் நின்று அழுதேன், அனந்தபத்மநாபன்தான் கைக்குட்டை கொடுத்தார்.

நிபந்தனைகள் உண்டு. மஞ்சள் தலையில் மட்டும், எழுத்தில் கூடாது. எண்ணெய் அறவே கூடாது. விளக்கு மூன்றடி தள்ளி. புடவை வெள்ளிக்கிழமை மட்டும் என்று மேடம் சொன்னதற்கு, "மத்த ஆறு நாளும் அவ எப்படி நிப்பா? உங்க வீட்டுப் பொம்பளைய இப்படி நிறுத்துவீங்களா?" என்று சரளா கேட்ட கேள்விக்கு எந்த உத்தரவிலும் பதில் இல்லாததால், எழுத்துத் தெரிகிற மாதிரி துப்பட்டா போல மேலாகப் போர்த்தலாம் என்று முடிவாயிற்று. இப்போது மரத்தில் ஒரு நம்பர் தகடு தொங்குகிறது, கல்லுக்கு முன்னால் தொல்லியல் இலாகாவின் நீலப் பலகை, அதற்கு முன்னால் இங்கே தோண்டாதே என்று கார்ப்பரேஷன் பலகை. மூன்று பலகைக்கும் பின்னால் கல்லம்மா இருக்கிறாள், கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தெரிவாள். பாதுகாக்கப்பட்ட சின்னமா இல்லையா என்பது பரிசீலனையில் இருக்கிறது, பரிசீலனை முடிகிறவரை யாரும் எதையும் தொடக்கூடாதாம், ஆகையால் அது முடியாமலே இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தோறும் கற்பூரம் ஏற்றுகிறோம். அனந்தபத்மநாபனின் மூன்றாவது மாடியும் அதே பரிசீலனையில் நிற்கிறது. ஆனால் மனிதர் இப்போது சந்தோஷமாகவே இருக்கிறார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் தானே கண்டுபிடித்தமாதிரி ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வது அவர்தான். கிளை மட்டும் இன்னும் என் கூரைக்குள்தான் இருக்கிறது. மழை பெய்தால் அண்டா வைக்கிறோம். அதற்கும் நன்றி.

ஆக, மச்சான், வராத மர அதிகாரிக்கும், வந்து வேர்மேல் நின்ற அதே மர அதிகாரிக்கும், வளைந்த கால்வாய்க்கும், நாளுக்கொன்றாக மாறி ஒன்றையொன்று கட்டிப்போட்ட சட்டங்களுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஃபாத்திமா மேடத்துக்கும், அவரை இங்கே கொண்டுவந்த உங்கள் கார்பன் பேப்பருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். எழுநூறு வருஷமாக இதே தெருவில், இதே மண்ணில் நின்றவள் இனியும் இங்கேயே நிற்பாள் என்பதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? இன்னொரு நல்ல செய்தி. கல்வெட்டில் உள்ள ஏரியின் பேர் அத்திபெலே பக்கத்துப் பழைய ஆவணம் எதிலோ இருக்கிறதாம். வருகிற வியாழக்கிழமை மேடம் அங்கே ஏரிகளைப் பார்க்க வருகிறார். உங்களைவிட அந்தப் பக்கம் தெரிந்தவர் யார் என்று உங்கள் முகவரியைப் பெருமையோடு கொடுத்திருக்கிறேன். எண்ணூறு என்று எழுதிய கையைப் பார்க்க வேண்டும் என்று அவரும் ஆசைப்படுகிறார்.

தமயந்தி அக்காவுக்கு என் வணக்கம், முழங்காலுக்கு சரளா கொடுத்தனுப்பிய தைலத்தை வீட்டில் வைத்திராமல் தேய்க்கச் சொல்லவும். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கல்லம்மாவின் அருளும் எங்கள் ஆசியும் குறைவில்லாமல் வந்து சேரட்டும். உங்கள் டைப்ரைட்டர் நீடூழி வாழட்டும்.

என்றும் நன்றி மறவாத,
அய்யாவு

பி.கு: கவரை ஒட்டும் முன் சரளாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். 'எழுநூறு வருஷமாக இதே தெருவில்' என்ற இடம் வந்ததும் அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், உங்கள் அப்பா இதே தெருவில் குடியிருந்துகொண்டு செங்கல் லாரி ஓட்டிய காலத்தில், அத்திபெலே ஏரிக்கரையில் இரண்டாக உடைந்து கிடந்த கல்லில் ஒரு பாதியை லாரியில் போட்டுக்கொண்டுவந்து, மகள் துணி துவைக்கக் குழாயடியில் இறக்கினாராம். ஒரு வாரம் துவைத்திருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை தன் சிவப்புப் புடவையை அதன்மேல் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வருவதற்குள் யாரோ குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, மூன்று பெண்கள் சுற்றிக்கொண்டிருந்தார்களாம். "பொடவையக் கேட்டா அடிப்பாங்கன்னு பயந்துபோயி நானும் சேந்து சுத்துனேன். அப்புறம் சொல்றதுக்கு ஒரு நாள் கெடைக்கல" என்கிறாள். முப்பத்திரண்டு வருஷமாகத் திரைக்குள் அவள் கல்லம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என்னைப் பற்றிய புகார் பாதிதானாம், மீதி காதோடு கேட்ட மன்னிப்பாம்.

உங்களுக்கு இது தெரியுமா, தெரிந்துதான் அந்த ஐந்தாவது நகலைப் போட்டீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. மேலே எழுதிய நன்றியைத் திருப்பித் தர வேண்டாம். ஆனால் இன்னொரு பாதி உங்கள் வீட்டுக் கிணற்றடியில் குப்புறக் கிடக்கிறதாம், தமயந்தி அக்கா இன்றைக்கும் அதன்மேல்தான் துவைக்கிறாராம். மேடம் வருவது வியாழக்கிழமை. அதற்குள் அதற்கு ஒரு புடவை கட்டிவிடுங்கள்.